பல்லில்லாத நாய்க்கு ஒரு வட்டல்



உங்கள் வீட்டு நாய் எந்தப் பாத்திரத்தில் உண்கிறது என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது யாரும் தேர்ந்தெடுத்த பாத்திரமாக இராது. நசுங்கிய அலுமினியப் போசி, விளிம்பு உடைந்த மண்சட்டி, பெயிண்டு வாளியின் மூடி, குழந்தை வளர்ந்துவிட்டதால் மீந்துபோன பிளாஸ்டிக் கிண்ணம் என, மனிதருக்கு உதவாது என்று நாம் ஒதுக்கிய ஒன்றே நாயின் பங்குக்கு வந்து சேர்கிறது. பற்கள் உள்ளவரை நாய் அதை எப்படியோ சமாளித்துக்கொள்கிறது. பற்கள் போன பிறகு, அந்தப் பாத்திரமே அதற்கும் அதன் ஆகாரத்துக்கும் நடுவே சுவராய் நின்றுவிடக்கூடும்.

நம் சபையில் தோட்டத்து வீடுகளில் வாழ்கிறவர்களும் உண்டு. கோவை நகரத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்கிறவர்களும் உண்டு. இரு சாரார் வீடுகளிலும் பன்னிரண்டு, பதினான்கு வயதான நாய்களைக் காண்கிறேன். ஆகவே இந்த வாரம், பல்லில்லாத நாய்க்குப் பாத்திரம் தேர்ந்தெடுப்பதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன். இது சிறிய காரியம்தான். சிறிய காரியங்களில்தான் நம் இரக்கம் உண்மையா என்பது தெரியவருகிறது.

முதலில் நாயின் வாயை அறிந்துகொள்வோம். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள்: மேல்தாடையில் 20, கீழ்த்தாடையில் 22. மனிதருக்கு 32 மட்டுமே. எனினும் நாய் நம்மைப்போல் உணவை நெடுநேரம் மெல்லுவதில்லை. அதன் தாடை மேலும் கீழுமாக அசைகிறது. பக்கவாட்டில் அசைந்து அரைப்பதில்லை. முன்பற்களால் பற்றி, கோரைப்பற்களால் பிடித்து, பின்பற்களால் நறுக்கி, அப்படியே விழுங்குவது அதன் இயல்பு. எனவே பற்களை இழந்த நாய் பட்டினி கிடந்தே தீரவேண்டும் என்பதில்லை. மெல்லுதல் போனது அதற்குச் சிறிய இழப்பு. பற்றி எடுத்தல் போனதே பெரிய இழப்பு. பல்லின் மேல் படியும் அழுக்குப் படலம் காரையாக இறுகி, ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, பற்கள் ஒவ்வொன்றாய் விழுகின்றன. சில வேளைகளில் மருத்துவரே மயக்க மருந்து கொடுத்து, நோயுற்ற பற்கள் அனைத்தையும் எடுத்துவிட நேர்கிறது. ஈறுகள் ஆறிய பின்னர், வலிக்கும் பற்களோடு உண்டதைவிட மகிழ்ச்சியாக உண்ணும் நாய்கள் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், காங்கேயத்துக்கு அப்பால் கிளுவை வேலி சூழ்ந்த ஒரு தோட்டத்துக்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயர் குறிப்பிடாமல் இதை எழுதுகிறேன். அந்த வீட்டுப் பெரியவர் மறைந்து ஓராண்டு நிறைந்த நாள் அது. ஆட்டுப் பட்டிக்குக் காவலாக அவர் வளர்த்த நாய், பதின்மூன்று வயதுக் கிழமாய் வேப்பமரத்தடியில் படுத்திருந்தது. அதன் விலா எலும்புகளை எண்ணிவிடலாம்.

"சோத்த வெச்சா மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குதுங்க ஐயா. அப்பா போன பொறவு அதுக்கும் போகோணும்னு தோணிப்போச்சுங்க" என்றார் மகன்.

அவர் குரலில் அன்பு இருந்தது. எஜமானனை நினைத்து உண்ணாமல் உயிர்விடும் நாயின் கதை நம் எல்லோருடைய உள்ளத்தையும் தொடுவது. நம் துயரத்தை வேறோர் உயிரும் சுமக்கிறது என்பதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. அந்த ஆறுதலின் காரணமாகவே, கதை மெய்யா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

பட்டி ஆடுகளுக்குத் தடுப்பூசி போட அன்று ஒரு கால்நடை மருத்துவர் வந்திருந்தார். அவர் நாயின் வாயைத் திறந்து பார்த்தார். ஒரு பல்கூட இல்லை. ஈறுகள் ஆறி வழுவழுப்பாய் இருந்தன. "இது எதுலீங்க சாப்பிடுது?" என்று கேட்டார். பட்டியோரம் கிடந்த போசியைக் காட்டினார்கள். குறுகிய வாய், ஒரு சாண் ஆழம். காலையில் இட்ட சோறு அதன் அடியில் கட்டியாய் இறுகிக் கிடந்தது. நாய் தலையை உள்ளே விடும், நாக்கால் தள்ளும், சோற்றுக் கட்டி பாத்திரத்தின் சுவரோடு ஒட்டி நழுவும். முன்பு பல்லால் கவ்வி எடுத்ததை இப்போது எடுக்க முடியாமல், களைத்துத் திரும்பும். வீட்டார் கண்டது அந்தத் திரும்புதலை மட்டுமே. "பசி இருக்குதுங்க. போசிதான் ஒத்துவரல" என்றார் மருத்துவர்.

"எம்பட வட்டல்ல வெச்சுப் பாருங்க" என்று திண்ணையிலிருந்து ஒரு குரல் வந்தது. பெரியவரின் மனைவி, எழுபத்தெட்டு வயது. அடுப்படியிலிருந்து அவருடைய எவர்சில்வர் வட்டல் வந்தது. அகன்றது, விளிம்பு தாழ்ந்தது. மருமகள் ராகிக் களியை வெந்நீரில் கரைத்து, வேகவைத்த முட்டையொன்றை மசித்து அதில் இட்டார். நாய் மோந்தது, பிறகு நக்கத் தொடங்கியது. நக்க நக்க வட்டல் தரையில் நகர்ந்துகொண்டே போயிற்று. மகன் அருகே சென்று அமர்ந்து, அதைத் தம் கையால் பிடித்துக்கொண்டார். நாய் உண்டு முடிக்கும்வரை ஒருவரும் பேசவில்லை.

பிறகு அந்த அம்மாள் என்னிடம் மெல்லச் சொன்னார்: "எனக்கும் பல்லு போயி ரெண்டு வருசமாச்சுங்க ஐயா. சோறு கல்லாட்டம் இருந்தா நானும் பசியில்லைன்னு சொல்லிப்போட்டு எந்திரிச்சுப் போயிருவனுங்க."

வட்டலைப் பிடித்திருந்த மகனின் காதிலும் அது விழுந்தது. அவர் நிமிர்ந்து தாயைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை. அந்த நாய் அதன்பின் இரண்டு கோடைகளைக் கண்டது. அந்த அம்மாளுக்கு அன்று முதல் சோறு தனியே குழைய வெந்தது.

இனி, உங்கள் வீட்டில் பற்கள் இழந்த நாய் இருந்தால் பாத்திரம் எப்படி இருக்கவேண்டும் என்பதைச் சொல்கிறேன். வாய் அகன்றதாகவும் அடி தட்டையாகவும் இருக்கட்டும். விளிம்பு இரண்டு விரற்கடை உயரம் இருந்தால் போதும். விளிம்பே இல்லாத தட்டில் உணவு வெளியே வழிந்துவிடும். ஆழமான கிண்ணத்தில் நாக்கு எட்டாது. சிறிதளவு விளிம்பு இருந்தால் நாக்கு உணவை அதன்மேல் அணைத்து அள்ளிக்கொள்ளும். வேகமாக உண்ணும் நாய்களுக்கென உள்ளே மேடுகள் வைத்துச் செய்த பாத்திரங்கள் கடைகளில் கிடைக்கின்றன. அந்த மேடுகள் பல்லில்லாத நாய்க்கு இடையூறாகும்.

பாத்திரம் நகராமல் இருப்பது அவசியம். பற்றி நிறுத்தப் பல்லில்லாத நாய், உண்ணும்போதே பாத்திரத்தைத் தள்ளிக்கொண்டு போகும். அடியில் ரப்பர் வளையம் பொருத்திய எவர்சில்வர் பாத்திரம் நல்லது. அது இல்லாவிட்டால், நனைத்த சாக்கை மடித்து அதன்மேல் வட்டலை வையுங்கள். பிளாஸ்டிக்கில் விழும் கீறல்களில் கிருமிகள் தங்கும். மண்சட்டியின் உடைந்த விளிம்பும், நசுங்கிய அலுமினியத்தின் கூர்முனையும் ஈறைக் கிழிக்கும். எந்தப் பாத்திரமானாலும் முதலில் உங்கள் விரலை அதன் விளிம்பு முழுவதும் ஓட்டிப் பாருங்கள்.

கழுத்து வலியுள்ள கிழ நாய்க்குப் பாத்திரத்தைச் சற்று உயர்த்தி வைப்பது உதவும். ஆனால் 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பெரிய இன நாய்களில் உயர்த்திவைத்த பாத்திரத்தில் உண்டவற்றுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம் எனக் கண்டது. எனவே ராஜபாளையம் போன்ற ஆழ்ந்த மார்புள்ள நாயாக இருந்தால், மருத்துவரைக் கேட்டே உயர்த்துங்கள்.

உணவு இளஞ்சூடாக இருக்கட்டும். சூட்டில் மணம் எழும், முதிய நாய்க்கு அந்த மணமே அழைப்பு. கடையில் வாங்கும் உலர்தீவனமானால் வெந்நீரில் ஊறவைத்து மசித்துக் கொடுங்கள். குழைந்த உணவு நம் ஊர் வெயிலில் விரைவில் கெடும். மீந்ததை எடுத்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிவையுங்கள். இன்னொன்றையும் மறவாதீர்கள். மென்மையான உணவு என்றதும் நம் கைக்கு முதலில் வருவது அரிசிம்பருப்புச் சோறு. அதில் சின்ன வெங்காயமும் பூண்டும் உண்டு. அவை நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. பாட்டிக்கு நல்லதான அதே சோறு நாய்க்கு நஞ்சு.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நாய் உண்ண மறுப்பதற்குப் பாத்திரம் தவிர வேறு காரணங்களும் இருக்கலாம். சிறுநீரக நோய் அவற்றில் ஒன்று. திடீரெனத் தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் தவிக்கும் நாயின் வாயில் ஒருபோதும் கைவிடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கக்கூடும். விலகி நின்று உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

அன்பானவர்களே, நீதிமொழிகள் 12ஆம் அதிகாரத்தின் 10ஆம் வசனத்தை நீங்கள் அறிவீர்கள். நீதிமான் தன் மிருகத்தின் உயிரை எவ்வாறு நடத்துகிறான் என்பதைப் பற்றியது அது. நம் தமிழ் வேதாகமம் அங்கே காத்தலைப் பற்றிப் பேசுகிறது. எபிரெய மூலத்தில் உள்ள வினைச்சொல்லுக்கு 'அறிதல்' என்று பொருள். நீதிமான் தன் மிருகத்தின் உயிரை அறிகிறான். இரண்டுக்கும் இடையே உள்ள உறவைக் கவனியுங்கள். அந்தத் தோட்டத்து வீட்டில் காத்தல் குறைவில்லாமல் இருந்தது. தினமும் இரு வேளை சோறு இட்டார்கள். ஆயினும் நாய் மெலிந்தது. அறிதல் வந்த நாளில்தான் சோறு வயிற்றுக்குள் சென்றது.

பிரசங்கியின் 12ஆம் அதிகாரம் முதுமையை ஆட்டங்காணும் ஒரு வீடாக வருணிக்கிறது. அங்கே எண்ணிக்கை குறைந்து வேலையை நிறுத்துகிற மாவரைப்போர் நம் பற்களே என்று வேத விளக்கவுரையாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். மனிதனுக்கும் மிருகத்துக்கும் அந்த நாள் பொதுவானது. நாய் பாத்திரத்தை விட்டுத் திரும்பிக்கொள்கிறது. மனிதர் "பசியில்லை" என்கிறார். இரண்டும் ஒரே சொல்தான்.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். இன்று மாலை உங்கள் நாய்க்கு உணவு வைத்தபின் உள்ளே சென்றுவிடாமல், அது கடைசி வாய் உண்ணும்வரை அருகே அமர்ந்து பாருங்கள். அது எங்கே தடுமாறுகிறது என்பதை அதுவே உங்களுக்குக் காட்டும். பிறகு இரவு உணவின்போது உங்கள் வீட்டு மூத்தோரின் வட்டலையும் அவ்வாறே பாருங்கள். எதை ஓரமாக ஒதுக்குகிறார்கள், எப்போது கையைக் கழுவ எழுகிறார்கள் என்று கவனியுங்கள்.

மற்றொன்று நம் சபைக்கு. அறுப்பின் பண்டிகை விருந்தில் நாம் பிரியாணியை அன்போடுதான் பரிமாறுகிறோம். பந்தியின் கடைசி வரிசையில் அமர்ந்து, எலும்பை இலையின் ஓரத்துக்கு நகர்த்திவிட்டு "போதுமுங்க" என்று எழுந்துபோகும் பெரியவர்களை நான் பல முறை கண்டிருக்கிறேன். இவ்வாண்டு ஓர் அண்டா அரிசிம்பருப்புச் சோறு குழைய வேகட்டும். அதைத் தனியே கேட்டு வாங்கும் சங்கடம் அவர்களுக்கு வேண்டாம். பரிமாறுகிறவர்களே முதலில் அந்த வரிசைக்குக் கொண்டுசெல்லட்டும்.

நம் பெலவீனத்தை நாம் சொல்லுமுன்னே அறிந்திருக்கிற ஆண்டவர், நம் கைகளுக்குக் கொடுக்கும் மனத்தையும் நம் கண்களுக்கு அறியும் பார்வையையும் தந்தருள்வாராக. ஆமென்.