மெமோ யாருக்கு?

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் எங்கள் கூட்டத்தில் அடிக்கடி புழங்கும் சொல் ‘ஸ்டாஃப் ரெசிஸ்டன்ஸ்’. கருவி தயாராம், டாக்டர்கள் தயாராம், நர்ஸுகள்தான் தொட மாட்டேன் என்கிறார்களாம். உடனே அரைநாள் பயிற்சி, ஒரு பிபிடி, மத்தியானம் பிரியாணி. எனக்கு இந்தச் சொல் மேலேயே ரொம்ப நாளாகச் சந்தேகம்.

நம்மூருக்குத் தொடர்புள்ள ஒன்றையே எடுத்துக்கொள்வோம். சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்தை வைத்தே கண்டுபிடிக்கும் கூகுளின் ஏஐ பற்றிய ஆய்வு 2016இல் ஜாமா இதழில் வந்தது. அதைப் பழக்கிய 1,28,175 படங்களில் ஒரு பகுதி இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்து போனவை. அரவிந்தும் அதில் ஒன்று. 1976இல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் பதினோரு படுக்கையோடு தொடங்கியது. 1988 முதல் திருநெல்வேலியிலும் இருக்கிறது. பாளையங்கோட்டையில் தெருவுக்கு நாலு ஆச்சியாவது அங்கே புரை எடுத்திருப்பார்கள். அந்த ஆஸ்பத்திரியின் அன்றாட வேலையில் பெரும்பங்கைச் சுமப்பவர்கள் அங்கேயே பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். ஏஐயைப் பற்றிய பேச்சில் மட்டும் அவர்கள் வருவதே இல்லை.

இதே கருவி 2018 கடைசியில் தாய்லாந்தில் பதினோரு கிளினிக்குகளுக்குப் போனது. நர்ஸுகளின் பக்கத்தில் இருந்து பார்த்த கூகுள் ஆய்வாளர்கள் 2020இல் ஒளிக்காமல் எழுதினார்கள். முதல் ஆறு மாதத்தில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதம் தரக்குறைவு என்று தள்ளப்பட்டது. பல இடங்களில் இருட்டறை கிடையாது, நெட் மெதுவு, வெளியே வரிசை. தள்ளப்பட்ட சில படங்கள் நர்ஸுகளின் கண்ணுக்குத் தெளிவாகவே இருந்தன. ஆனால் கருவி ஏற்காவிட்டால் நோயாளி இன்னொரு நாள் வேலையை விட்டுவிட்டு வேறு ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும். அதனால் சில நர்ஸுகள் இந்த ஆய்வில் சேர வேண்டாம் என்கிற மாதிரியே நோயாளிகளிடம் பேசினார்கள். இதற்குப் பெயர் எதிர்ப்பா? நோயாளியின் பஸ் செலவையும் கணக்கில் எடுப்பது நர்ஸ் வேலை இல்லையா?

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபது வருடமாக நர்ஸாக இருக்கிறாள் பெரியம்மா மகள். நோயாளிக் குறிப்பை எழுதித்தரும் ஏஐ ஆப் ஒன்றை அங்கே இறக்கியிருக்கிறார்கள்.

“எப்படிக்கா இருக்கு?”

“நல்லாத்தாம்ல எழுதுது. அத வாசிச்சு, திருத்தி, பொறவு நோட்டுலயும் நாந்தான எழுதணும்? டோஸத் தப்பாப் போட்டுச்சுன்னா மெமோ அதுக்கா குடுப்பாவ?” சிரித்துவிட்டுச் சொன்னாள்: “அந்த நோட்ட எடுக்கச் சொல்லு, நாளைக்கே தட்டுதேன்.”

இப்போதெல்லாம் புதுத் திட்டம் வந்தால், எந்த நோட்டு போகும் என்றுதான் முதலில் கேட்கிறேன். அடுத்தது ஒரு பட்டன்: கருவி தள்ளிய படத்தை, ‘எனக்குத் தெரியுது’ என்று சிஸ்டரே டாக்டருக்கு அனுப்புவதற்கு. பட்டன் எழுத இரண்டு நாள் போதும். அழுத்திய பிறகு பொறுப்பு யார் பேரில் பதிவாகும் என்பதில்தான் மீட்டிங் மேல் மீட்டிங்காகப் போகிறது.