படத்துக்குத்தான் ஸார் காசு!

சென்னை சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் வணிக வளாகம். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு, பழைய புத்தகக் கடைகள் குடியேறிய இடம். சனிக்கிழமை மதியம் அங்கே மேய்ந்தபோது சிக்கியது, 'கல்கி' இதழ்களிலிருந்து யாரோ கிழித்து பைண்ட் பண்ணிய 'பொன்னியின் செல்வன்'. 1950-ல் தொடங்கிய தொடர். பக்கத்துக்குப் பக்கம் ஓவியர் மணியம்!

ஒரு பாகம் எண்ணூறாம்.

"புது புக்கே சீப்பா கிடைக்குதே?"

"அது கதைக்கு ஸார். இது படத்துக்கு!"

பி.காம். மூளை கணக்குப் போட்டது. கதை எத்தனை தடவை வேண்டுமானாலும் அச்சாகும். ஆனால், பல மலிவுப் பதிப்புகளில் படமே கிடையாது. தாத்தா காலத்து ஜனங்கள் வந்தியத்தேவனை முதலில் பார்த்த தாள் இதுதான். தொட்டாலே நொறுங்குகிறது. இன்னும் எத்தனை நாளோ!

பர்ஸ் இளைத்தது. மின்சார ரயிலில் ஒரே ஒரு ஸீட் காலி. அதில் நந்தினியை உட்கார வைத்துவிட்டு, நான் நின்றுகொண்டே வந்தேன்!