படத்தின் கீழே எழுதும் வரி

2020 மார்ச் 12, வியாழன்

ஓர் ஒளிப்படம் பல பொருள்களுக்கு இடம் தரக்கூடியது என்பதையும், அதனுடன் சேர்க்கப்படும் சொற்களே பார்ப்பவரை ஒரு பொருளில் நிறுத்துகின்றன என்பதையும் பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1964-இல் வெளியான கட்டுரையில் விளக்கி, சொற்கள் செய்யும் அவ்வேலையை நங்கூரமிடுதல் என்றார். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் கல்லூரி ஒன்றில் காட்சித் தொடர்பியல், மாணவர் வழக்கில் விஸ்காம், இறுதியாண்டு பயிலும் மாணவி ஒருவரின் வகுப்பில் இன்று இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டவை 1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்தின்போது சென்னை மாகாணப் படையதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்த படங்கள். பஞ்சம் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. எலும்பும் தோலுமானவர்களைக் கூட்டமாக அமர்த்திப் படமெடுத்தபின் உதவாமல் அனுப்பிவிட்டார் என்ற கண்டனம் ஹூப்பர்மீது உண்டு. அவ்வாறு எடுக்கப்பட்ட படங்களே இன்று இணையத்தில் 1943 வங்கப் பஞ்சம் என்ற குறிப்புடன் உலவுகின்றன. எந்த மண்ணில் யார் பசித்து இறந்தார் என்பதை இவ்வளவு எளிதாக மாற்றி எழுத முடிவது பொறுத்துக்கொள்ளத்தக்கதன்று. மாணவியோ, இதை ஆவணக் காப்பகத்தார் தீர்க்கவேண்டிய சிக்கல் என்று குறித்துக்கொண்டு, செய்முறைத் தேர்வைப் பற்றிய கவலைக்குத் திரும்பினார்.

மார்ச் 17, செவ்வாய்

அரசு ஆணைப்படி கல்லூரிகள் மார்ச் 31 வரை மூடப்பட்டன. கேமரா கல்லூரி அலமாரியில் தங்கிவிட, மாணவி கைப்பேசியுடன் நாமக்கல்லை அடுத்த தம் ஊருக்கு வந்துசேர்ந்தார்.

மார்ச் 19, வியாழன்

நாமக்கல் வட்டாரம் முட்டையை நம்பி வாழ்வது. இங்குள்ள பண்ணைகளில் பெரும்பாலானவை முட்டைக்கோழிகளை வளர்ப்பவை. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலையைப் பார்த்தே தீவனக் கடனும் திருமணத் தேதியும் முடிவாகின்றன. இம்மாதம் அவ்விலை சரிந்ததற்குக் காரணங்கள் பல: பள்ளிகள் மூடியதால் சத்துணவுக்கான முட்டை தேங்கியது, கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் பறவைக் காய்ச்சல் கண்டதால் லாரிகளின் போக்குவரத்துக்குத் தடை வந்தது, இவற்றோடு, கோழியால் கொரோனா பரவுகிறது என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் படங்களுடன் பரவியது. பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ் வேறு, கொரோனா வைரஸ் வேறு. எனினும் உண்மையான ஒரு நோய்ச் செய்தி, பொய்யான மற்றொன்றுக்கு உடல் தந்துவிட்டது.

மாணவியின் கைப்பேசிக்கு இன்று வந்த படம், புண்பட்ட கோழி ஒன்றினுடையது. அது கறிக்கோழி, முட்டைக்கோழியன்று. டிஜிட்டல் படக் கோப்புக்குள் எடுத்த நாள், நேரம், கேமராவின் வகை, சில வேளைகளில் எடுத்த இடம் ஆகியவை மீத்தரவு என்ற பெயரில் பதிந்திருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அச்செயலி கோப்பைச் சுருக்கி அத்தரவை நீக்கிவிடுகிறது. ஆகவே கை மாறி வரும் படம் பிறந்த ஊரும் நாளும் அற்றதாகவே வந்துசேர்கிறது. அவ்வெற்றிடத்தை நிரப்ப யார் வேண்டுமானாலும் ஒரு வரி எழுதலாம். இவ்வதந்தியை மறுக்க, ஹைதராபாத்தில் பிப்ரவரி மாதமே அமைச்சர்கள் மேடையேறிக் கோழிக்கறி உண்டு காட்டினர். அந்தப் படங்களும் பரவின. ஒரு படத்தை மற்றொரு படத்தால் வெல்ல முடியுமா என்ற கேள்விக்குப் பாடத்திட்டத்தில் விடை இல்லை. தம் கல்வி எதற்குமே பயன்படவில்லை என்ற கசப்புடன் மாணவி இரவு முழுதும் விழித்திருந்தார்.

மார்ச் 22, ஞாயிறு

மக்கள் ஊரடங்கு, மாலை ஐந்து மணிக்குத் தெருவே தட்டுகளைத் தட்டியது, மாணவி படம் எதுவும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்குப் பொருளாகத் தாய்மாமனின் பண்ணையைத் தேர்ந்த மாணவி, முகக்கவசத்துடன் காலையிலேயே அங்குச் சென்றார். நீண்ட ஷெட்டுகளில் கம்பிக் கூண்டுகள் வரிசையாக இருக்க, பக்கவாட்டு வலை வழியே வெளிச்சம் பட்டை பட்டையாக விழுந்தது. ஒளிப்படம் பயில்பவர் தேடி அலையும் ஒளி அது. மாமா வாசலிலேயே கையமர்த்தினார்.

“படம் வேண்டாங் கண்ணு.”

“காலேஜுக்குத்தானுங்க மாமா. கோழி நல்லா இருக்குதுன்னுதான் எடுக்கறேன்.”

“நீ நல்லதுக்குத்தான் எடுப்பே. நாளைக்கு எவனோ ஒருத்தன் அதுக்குக் கீழ என்னத்தையோ எழுதிப் போட்டான்னா, நீ ஊர் ஊராப் போயி அழிப்பியா?”

மாணவியிடம் மறுமொழி இல்லை. மாமா மோர் கொடுத்து, தாயின் மூட்டுவலியை விசாரித்து அனுப்பினார். கேமராவின் முன் நிற்பவருக்கு மறுக்கும் உரிமை உண்டு என்பது ஊடக அறம் கற்பிக்கும் முதல் பாடம். பஞ்சக் காலத்தில் ஹூப்பரின் முன் அமர்ந்தவர்களுக்கு அவ்வுரிமை இருந்ததாகத் தோன்றவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

செயல்திட்டம் கெட்டதற்கு மாமாவே காரணம் என்று வீட்டில் அழுகை.

மே 8, வெள்ளி

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. கேமராவும் இருட்டறையும் இல்லாத நிலையில் மாணவி நாடியது, 1842-இல் ஜான் ஹெர்ஷல் ஆராய்ந்து விவரித்த தாவரச்சாறு அச்சுமுறை. இலை, மலர் முதலியவற்றின் சாயத்தைத் தாளில் பூசி, மேலே ஒரு பொருளை வைத்து வெயிலில் காயவிட்டால், வெயில் பட்ட இடம் வெளுத்து, மறைந்த இடம் நிறத்தோடு நிற்கும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் ஒளியில் வெளுப்பது, ஆல்கஹாலில் கரைவது. வீட்டிலிருந்த மஞ்சள்தூளும் சானிடைசரும் போதுமானவையாயின. தாளின்மேல் மாணவி வைத்தது, பண்ணையிலிருந்து காற்றில் வந்து வேலியில் ஒட்டியிருந்த கோழியிறகு. மாலையில் தாளைச் சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்தபோது இறகின் வடிவம் செம்பழுப்பாக எழுந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த எவருக்கும் தெரிந்ததே. இறகின் நடுத்தண்டும் இழைகளும் தனித்தனியே தெரிந்தன. வீடெங்கும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடும் அளவுக்கு மாணவிக்கு மகிழ்ச்சி.

இம்முறையில் உருவத்தை நிலைநிறுத்தும் வழி இல்லை. ஒளியில் வைத்தால் படம் மெல்ல மெல்ல வெளுத்துவிடும்.

மே 11, திங்கள்

வீட்டுக்கு வந்த மாமா தாளை நெடுநேரம் பார்த்தார். “எந்த ஷெட்டு, எந்த பேட்ச்சுன்னு எழுதலையா?” என்று கேட்டார். ஒரே வயதுக் குஞ்சுகளாக வாங்கி வளர்க்கும் தொகுதிக்குப் பண்ணையார் வழங்கும் பெயர் பேட்ச். இறகின் நீளத்தையும் தேய்மானத்தையும் வைத்து அது மூன்றாம் ஷெட்டின் பழைய பேட்ச் என்று அவரே சொல்ல, மாணவி அதையும் நாளையும் ஊரையும் படத்தின் உள்ளேயே, இறகின் இழைகளை ஒட்டிப் பென்சிலால் எழுதினார். எழுத்தை வெட்டினால் இறகும் வெட்டுப்படும். மேலும் இறகுகள் வேண்டுமானால் வந்து பொறுக்கிக்கொள்ளலாம் என்றார் மாமா.

ஜூன் 6, சனி

செயல்திட்டப் படங்களைக் கோப்புகளாக அனுப்ப வேண்டும் என்றும், படத்தின்மேல் எழுத்து எதுவும் இருக்கலாகாது என்றும் அறிவிப்பு வந்துள்ளது. எழுத்தை அழிக்க மாணவிக்கு மனமில்லை; மதிப்பெண்ணை இழக்கவும் துணிவில்லை. ஆசிரியருக்கு எழுதிய விளக்கத்துக்கு மறுமொழி வரவில்லை. முதல் தாள் பெட்டிக்குள் இருந்தும் ஓரம் மங்கியிருக்கிறது.

மாலையில் மாமா தொலைபேசியில் அழைத்தார். வெளியூர் வியாபாரி ஒருவர் முட்டை ஏற்றுவதைப் படமாகக் கேட்கிறாராம். “வந்து ஒண்ணு எடுத்துக் குடு கண்ணு. தேதியப் படத்துக்குள்ளாறயே போட்டுரு.” லாரி எத்தனை மணிக்கு வரும் என்று மாணவி கேட்டார்.