எண்ணும் தூரமும்

பெயர் மாறாதிருக்கப் பொருள் மாறிவிடுவது மொழியிலே அடிக்கடி நிகழ்வதொன்று. ‘நாற்றம்’ என்னும் சொல் ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது. இன்று வெறுக்கத்தக்க வாடையையே குறிக்கின்றது. தமிழ் பயிலும் மாணவர் யாவரும் இவ்வுதாரணத்தை அறிவர். சொல்லுக்கு நேர்ந்த இக்கதி எண்ணுக்கும் நேர்வதுண்டு. அதற்கு நான் காட்டக்கூடிய சான்று கோல்ப் ஆட்டத்தின் இரும்பு மட்டைகளிலே உள்ளது.

தமிழ்ச் சங்க ஏட்டிலே கோல்ப் மட்டைக்கு என்ன இடம் என்று வாசகர் வினவலாம். நுவரெலியாவிலே அம்மட்டைகளைத் தோளிற் சுமந்து வாழ்ந்த ஒருவரின் மருமகன் நான் என்பதே என் விடை.

ஆட்டத்தை அறியாதார்க்குச் சில கூறுதல் வேண்டும். இரும்பு மட்டை ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். எண் சிறியதாயின் மட்டையின் முகம் நிமிர்ந்தும் காம்பு நீண்டும் இருக்கும். பந்து தாழ்ந்து நெடுந்தூரம் செல்லும். எண் பெரியதாயின் முகம் மல்லாந்து சாய்ந்திருக்கும். பந்து உயர எழுந்து அண்மையில் விழும். அடுத்தடுத்த இரு மட்டைகளுக்கிடையே ஏறத்தாழ 4 பாகைச் சாய்வும் அரை அங்குல நீளமும் வேறுபடுவது வழக்கம். அதன் பயனாக, நன்கு ஆடுவோர்க்கு மட்டைக்கு மட்டை 10 அல்லது 12 யார் தூரம் குறையும். ஆகவே இரும்பு மட்டைத் தொகுதியை ஓர் ஏணிக்கு ஒப்பிடலாம். படிகளுக்கிடையேயுள்ள இடைவெளி சீராக இருப்பதே ஏணிக்குச் சிறப்பு. உச்சிப்படி எத்துணை உயரத்தில் உள்ளது என்பது இரண்டாம்பட்சமே.

முன்னாளில் ஹிக்கரி மரக் காம்பு பொருத்திய மட்டைகளுக்கு ‘மாஷி’, ‘நிப்லிக்’ என்றவாறு பெயர்கள் வழங்கின. 1920களின் பிற்கூறிலும் 1930களிலும் உருக்குக் காம்பு கொண்ட, ஒன்றோடொன்று இசைந்த தொகுதிகள் பரவியபோது பெயர்கள் மறைந்து எண்கள் நிலைபெற்றன. ஒருவர் எத்தனை மட்டைகளைக் கொண்டுசெல்லலாம் என்பதற்கும் வரம்பு வந்தது. அமெரிக்க கோல்ப் சங்கம் 1938 இலும், ஸ்கொத்லாந்தின் சென் அன்ட்ரூஸ் நகரத்து ஆர் அன்ட் ஏ கழகம் 1939 இலும் 14 மட்டைகளே பையில் இருக்கலாம் என விதித்தன. ஆனால் எந்த எண்ணுக்கு எத்தனை பாகை என்று எவரும் விதிக்கவில்லை. அவ்விடத்திலேதான் எண்ணின் பொருள் நழுவத் தொடங்கிற்று.

1970களில் 7 ஆம் எண் மட்டையின் முகம் ஏறத்தாழ 38 பாகை சாய்ந்திருந்தது. இன்று தூரத்தையே விளம்பரமாக்கி விற்கப்படும் தொகுதிகள் பலவற்றில் அதே எண்ணுக்குரிய சாய்வு 28 முதல் 30 பாகை வரையே. அன்றைய 5 ஆம் எண் மட்டையே இன்று 7 என்னும் எண்ணைத் தரித்து நிற்கின்றது எனலாம். இது முற்றிலும் வஞ்சனை என்று கூறுதல் தகாது. மட்டையின் எடையை அடியிலும் பின்புறத்திலும் தாழ்த்தி வைக்கும் புதிய அமைப்பினால், நிமிர்ந்த முகமும் பந்தை முன்போலவே உயர எழுப்புகின்றது. எனினும் “என் 7 ஆம் எண் மட்டை முன்னையதிலும் இருபது யார் மேலாகச் செல்கிறது” என்று மகிழ்பவர் தாம் வேறொரு மட்டையால் அடிப்பதை நினைப்பதில்லை.

இந்த மகிழ்ச்சிக்கு விலை ஏணியின் அடியிலே கொடுக்கப்படுகின்றது. பிட்சிங் வெட்ஜ் எனப்படும் குறுந்தூர மட்டை முன்பு 50 பாகையளவில் இருந்தது. இன்று பல தொகுதிகளில் அது 44 பாகையளவில் நிற்கின்றது. மணற்குழியிலிருந்து பந்தை எடுக்கும் மட்டையோ 56 பாகையிலேயே தங்கிவிட்டது. இடையே 12 பாகை வெற்றிடம். பலருக்கு அது 25 யாருக்கும் மேற்பட்ட தூரம். அதனை நிரப்புதற்கு இன்னொரு மட்டை செய்யப்பட்டது. ‘இடைவெளி மட்டை’ என்பதே அதன் பெயர். அதைப் பையில் வைப்பவர் 14 என்ற வரம்பை மீறாதிருக்க, வேறொன்றை வெளியே எடுத்தல் வேண்டும்.

என் மாமா தோட்டப் பாடசாலையிலே ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பாகை என்னும் சொல்லை அவர் அறியார். 1970களின் பிற்பகுதியில், பாடசாலை விடுமுறைகளிலே அவரோடு சென்று பந்து தேடிக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் அடித்த பந்து விழுந்த இடத்துக்கு நடக்கும்போது மாமா வாய்க்குள் அடிகளை எண்ணிக்கொண்டே போவார். மூன்றாவது குழியை அடையுமுன் அம்மனிதருடைய ஏணி முழுவதும் அவர் மனத்தில் ஏறிவிடும்.

வயது முதிர்ந்த ஒருவருக்கு 3, 4, 5 ஆகிய மூன்று மட்டைகளும் ஒரே தூரமே சென்றன. வீச்சின் வேகம் குறைந்தால் நிமிர்ந்த முகம் பந்தை மேலெழுப்பாது. ஆகவே நெடுந்தூர மட்டைகளுக்கிடையேயுள்ள இடைவெளி சுருங்கிப்போகும். காரணத்தை நான் பிற்காலத்திற் படித்தறிந்தேன். மாமா அன்றே, “மூணும் ஒரே எடத்துலதான் விழுது, ரெண்டு சும்மா கனம்” என்றார். அந்தக் கனத்தைச் சுமந்தவர் அவர்.

சித்திரை மாதத்திலே கொழும்பிலிருந்து ஆட்டக்காரர் பலர் மலையேறி வருவர். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலுள்ளது. அங்கே வளியின் அடர்த்தி கொழும்பிலிருப்பதிலும் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு. தடை குறைவதால் பந்து மேலும் செல்லும். 150 யார் அடிக்கு அவ்வேறுபாடு ஒரு மட்டையின் இடைவெளிக்குச் சமமாகும். ஒருமுறை கொழும்புக் கனவான் ஒருவர் 7 ஆம் எண் மட்டையைக் கேட்டார். மாமா 8 ஆம் எண்ணை நீட்டி, “இங்க இது போதும் தொரை” என்றார். “சுமப்பதுதான் உன் வேலை” என்று சொல்லி அவர் 7 ஐயே எடுத்தார். பந்து பச்சைத் திடலைத் தாண்டிப் புதருக்குள் விழுந்தது. மாமா ஒன்றும் பேசாது அதைத் தேடச் சென்றார்.

அன்று மாலை லயத்துக்குத் திரும்பும் வழியில், ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். “மருமகனே, மட்டையில இருக்கிறது கம்பெனிக்காரன் போட்ட நம்பரு. ஆளுக்கு ஆளு, ஊருக்கு ஊரு அது வேற. அத அவரே நடந்து எண்ணிப் பாத்தாத்தான் தெரியும்” என்றார்.

இன்று ராடார் கருவியின் முன்னே பத்துப் பந்துகளை அடித்து, மட்டை ஒவ்வொன்றும் செல்லும் தூரத்தைப் பட்டியலிட்டுத் தரும் வல்லுநர் உளர். எந்த இடைவெளி அகன்றுள்ளது, எது சுருங்கியுள்ளது என்று காட்டி, எதைக் களைந்து எதைச் சேர்க்கலாம் என அவர்கள் ஆலோசனை கூறுவர். மட்டையை ஓரிரு பாகை வளைத்தும் கொடுப்பர். அது துறைசார்ந்த அறிவென மதிக்கப்படுகின்றது, மதிக்கப்படவும் வேண்டும். மாமா காலால் அளந்து சேர்த்ததும் அவ்வறிவே. ஆயின் அதற்கு அன்று வழங்கிய பெயர் சுமை தூக்குதல்.

எத்துணை கவனமாகத் தெரிந்தெடுத்தாலும் 14 மட்டைகளால் எல்லாத் தூரங்களையும் நிரப்ப இயலாது. இரண்டு மட்டைகளுக்கு நடுவிலே பந்து நிற்கும் வேளை எல்லா ஆட்டத்திலும் வரும். அப்போது பெரிய மட்டையை எடுத்து, காம்பைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, வீச்சைக் குறைத்து அடிப்பார்கள். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை எந்த மட்டையிலும் பொறித்து வைக்க முடியாது.