ஒரு மைல் இடைவெளி

இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் வட்டாரத்தில் வால்சிங்கம் என்னும் சிற்றூர் உண்டு. உண்மையில் ஊர்கள் இரண்டு. பெரிய வால்சிங்கம், சிறிய வால்சிங்கம் என்று பெயர். இவற்றுள் சிறியதே அளவில் பெரியது! ஆங்கிலேயர் இதைப்பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 1061-ஆம் ஆண்டில் ரிச்செல்டிஸ் என்னும் பக்தியுள்ள சீமாட்டிக்குத் தேவமாதா காட்சியளித்து, நாசரேத்தூர்த் திருவீட்டைப் போன்றதோர் இல்லத்தை இங்கே எழுப்பும்படி பணித்தார் என்பது மரபு. 1511-ல் யாத்திரிகனாய் வந்து வணங்கிய அதே எட்டாம் ஹென்றியின் ஆட்சியில்தான், 1538-ல் இங்கிருந்த துறவியர் மடம் கலைக்கப்பட்டது. அன்னையின் சுரூபமும் லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டு எரிக்கப்பட்டது. இவ்வரலாற்றைப் பலரும் எழுதியிருக்கின்றனர். நான் சொல்ல விழைவது, அதற்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்குப் பின், இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட நாட்களில் அவ்வூரார் எவ்வாறு செபித்தனர் என்பதையே.

வளமான காலம் அன்று அது. நார்ஃபோக் தானிய பூமி. ஏழைகள் பெரும்பாலும் பண்ணைக் கூலிகள். போர்க்காலத்தில் தானிய விலைக்கு அளித்திருந்த உத்தரவாதத்தை 1921-ல் அரசு விலக்கிக்கொள்ள, விலை சரிந்தது, கூலியும் சரிந்தது. கூலியை இன்னும் குறைத்து வேலை நேரத்தைக் கூட்டப் பண்ணையார்கள் முனைந்தபோது, 1923-ல் நார்ஃபோக் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வாரம் 50 மணி நேர வேலைக்கு 25 ஷில்லிங் என்ற அளவில் அது முடிந்தது. அவர்கள் சங்கத்தை நிறுவிய ஜார்ஜ் எட்வர்ட்ஸ் ஒரு மெதடிஸ்டு உபதேசியார் என்பதையும் சொல்ல வேண்டும். வால்சிங்கத்தில் மெதடிஸ்டுகளுக்கு 1794 முதலே ஆலயம் இருந்தது. ஆங்கிலிக்கன் சபையாருக்குப் பழைய மரியன்னை ஆலயம் இருந்தது. கத்தோலிக்கருக்கோ ஊருக்குள் கோவிலே இல்லை.

இந்த நிலையில், 1921-ல் ஆல்ஃப்ரெட் ஹோப் பேட்டன் என்பவர் ஆங்கிலிக்கன் பங்குக் குருவாய் வந்து சேர்ந்தார். ரோமையோடு ஒன்றிப்பில் இல்லாதவராயினும், பழைய கத்தோலிக்க பக்தி முயற்சிகளை மீட்க விரும்பிய பிரிவைச் சேர்ந்தவர். பழைய மடத்தின் முத்திரையில் காணப்பட்ட உருவத்தைக் கொண்டு அன்னையின் சுரூபம் ஒன்றைச் செய்வித்து, 1922 ஜூலை 6-ஆம் நாள் தம் பங்கு ஆலயத்தில் நிறுவினார். அன்று தொடங்கி, வேண்டுவோரின் கருத்துக்களுக்காக அங்கே நாள்தோறும் செபம் சொல்லப்பட்டது. செபமாலையையே சந்தேகக் கண்ணோடு பார்த்துப் பழகிய ஒரு நாட்டில், கிராமப் பங்கு ஒன்று மாதாவின் முன் மண்டியிட்டதை எண்ணும்போது எனக்கு வியப்பே மேலிடுகிறது.

நார்விச் ஆங்கிலிக்கன் ஆயர் பெர்ட்ரம் பொல்லாக்குக்கு இது பிடிக்கவில்லை. பங்கு ஆலயத்தில் அச்சுரூபம் இருக்கலாகாது என்றார். குருவானவர் வாதாடவில்லை; ஊருக்குள்ளேயே வேறு நிலத்தில் திருவீடு ஒன்றைக் கட்டி, 1931 அக்டோபர் 15 அன்று சுரூபத்தைச் சுற்றுப்பிரகாரமாக அங்கே எடுத்துச் சென்றார். இடம் பெயர்த்தால் பக்தி ஒடுங்கும் என்று ஆயர் எண்ணியிருந்தால், நடந்தது நேர்மாறு. யாத்திரிகர் பெருகி, 1938-ல் அவ்வாலயத்தை விரிவாக்க வேண்டியதாயிற்று.

நம்மவர் என்ன செய்தனர்? ஊரிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தொலைவில் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித கத்தரீனம்மாளின் சிற்றாலயம் ஒன்று உண்டு. யாத்திரிகர் அங்கே காலணிகளைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் கடைசி மைலை நடந்தனர் என்ற மரபினால், அதற்குச் செருப்புச் சிற்றாலயம் என்றே பெயர். மாட்டுத் தொழுவமாய்க் கூடக் கிடந்த அதனை, சார்லட் பாய்ட் என்னும் மனந்திரும்பிய கத்தோலிக்கப் பெண்மணி 1896-ல் விலைக்கு வாங்கி மீட்டார். ஆயினும் ஆயர்கள் அங்கே திருப்பலி நிறைவேற்ற முன்வரவில்லை. 1934 ஆகஸ்டு 15-ஆம் நாள்தான் நார்த்தாம்ப்டன் ஆயர் யூவென்ஸ் அங்கே திருப்பலி நிறைவேற்றினார். நான்கு நாள் கழித்து கர்தினால் போர்ன் தலைமையில் 10,000 பேருக்கு மேல் அங்கே திரண்டனர். முப்பத்தெட்டு ஆண்டுகள் பொறுத்திருந்தவர்கள், ஆங்கிலிக்கன் திருவீடு எழுந்த மூன்றே ஆண்டுகளில் விழித்துக்கொண்டதைப் போட்டி என்று சொல்ல நாக்கூசுகிறது. வேறு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

ஆக, ஒரே அன்னைக்கு ஒரு மைல் இடைவெளியில் இரண்டு திருத்தலங்கள். ஒரே வயலில் அறுத்து, ஒரே கடையில் மாவு வாங்கிய அயலார், செபத்தில் மட்டும் ஒருவரை ஒருவர் காணாதவராயினர். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் பிற சபையாரின் வழிபாட்டில் கத்தோலிக்கர் பங்குபெறுவதைத் தடுத்திருந்தது. திருமணத்துக்கோ அடக்கத்துக்கோ போனாலும் வாய் திறவாமல் இருக்க வேண்டும். அதற்கும் தக்க காரணம் வேண்டும்.

இச்சட்டத்தின் பாரத்தை நம் குடும்பங்களும் சுமந்தவைதாம். 1958-ல் என் தாயின் தங்கை தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பமொன்றில் வாழ்க்கைப்பட்டார். பெற்ற மகளின் திருமணத்தன்று என் பாட்டி அக்கோவிலுக்குள் காலெடுத்து வைக்கவில்லையாம். மதிலோரத்து வேப்பமரத்தடியில் நின்று, உள்ளே மணி ஒலித்தபோது சிலுவை அடையாளம் வரைந்துகொண்டாராம். "எங்கள் அம்மா அழவில்லை, தங்கைதான் மணமேடையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்" என்று என் தாயார் சொல்வார். பாட்டியைக் குறைகூற எனக்கு மனம் வராது. விசுவாசத்தை இழக்கக் கூடாதே என்ற அச்சத்தில் அவர் நின்றார். வால்சிங்கத்து மக்களும் இரு பக்கத்திலும் அப்படியே நின்றிருப்பர்.

ஹோப் பேட்டன் 1958-ல் இறந்தார். சங்கத்தைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏட்டை வெளியிட்டது. 1982 மே 29-ல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் லண்டன் வெம்பிளியில் திருப்பலி நிறைவேற்றியபோது, செருப்புச் சிற்றாலயத்துச் சுரூபம் அங்கே கொண்டுவரப்பட்டது. 2015-ல் அச்சிற்றாலயம் பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது. நற்கருணைப் பந்தி இன்னும் ஒன்றாகவில்லை.

ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் இங்கிலாந்து வாழ் தமிழ்க் கத்தோலிக்கர் பெருந்திரளாய் வால்சிங்கத்துக்கு யாத்திரை செல்கின்றனர். பெரும்பாலோர் ஈழத்திலிருந்து சென்று குடியேறியவர்கள். ஓர் ஆண்டு நானும் அவர்களோடு இருந்தேன். திருப்பலி முடிந்தபின் பலர் அந்த ஒரு மைலையும் நடந்து ஊருக்குள் சென்றனர். ஆங்கிலிக்கன் திருவீட்டு வாசலில், வெயிலில் களைத்த முதிய யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர் என்னை நிறுத்தினார். இது எந்தச் சபையின் கோவில் என்று கேட்பார் போலும் என எண்ணி, விளக்கிச் சொல்ல ஆயத்தமானேன்.

"தம்பி, மெழுகுதிரி எங்கை வாங்கலாம்?" என்றார்.