இரண்டு கிண்ணங்கள்

வியாழக்கிழமை இரவே பூந்திக்கொட்டையை உடைத்து, விதையை நீக்கி, தோலை ஊறப்போட்டுவிட்டேன். காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசைந்தபோது நுரை மெல்லப் பொங்கி வந்தது. அதை இரண்டு கிண்ணங்களில் ஊற்றினேன். ஒன்றில் அம்மாச்சியின் முறுக்குச் செயின், இன்னொன்றில் மகளின் தங்கக் கொலுசு.

ஒரே கிண்ணத்தில் போட்டிருக்கலாம். ஆனால் தங்கமும் தங்கமும் உரசினால் இரண்டுமே தேயும். அதோடு, கழுத்தில் கிடப்பதையும் காலில் கிடப்பதையும் ஒன்றாகப் போட்டால் அம்மாச்சியின் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

பூந்திக்கொட்டை வாசம் வந்தாலே அவள் வந்துவிடுவாள். முற்றத்தில் பித்தளைக் கிண்ணத்தோடு உட்கார்ந்து, செயினை விரலால் அலசி, பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுப்பாள். அழுக்குத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற விடமாட்டாள். "பொன்னு கரைஞ்ச தண்ணித்தா. செடிக்கு ஊத்து" என்பாள். கறிவேப்பிலைச் செடியின் தூரில் ஊற்றுவேன். மறுநாள் இலையில் தங்கம் தெரிகிறதா என்று போய்ப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் செயின் 1961இல் செய்தது. மதுரை தெற்காவணி மூல வீதியை ஒட்டிய சந்தில், அம்மாச்சி வீட்டுக்கு வழக்கமாக நகை செய்யும் பத்தரின் பட்டறை. மூன்று பவுன், 24 கிராம். சிறுமியாக அவளோடு போயிருக்கிறேன். குமுட்டியில் கரி கனன்றுகொண்டிருக்கும். பத்தர் வெங்காரம் தடவி, பற்றுவைக்கும் பொடியைக் கண்ணியின் வாயில் வைத்து, ஊதுகுழலால் ஊதுவார். பொடி உருகி ஓடும் அந்த ஒரு நொடியில் இரண்டு முனையும் ஒன்றாகிவிடும். ஒட்டிய இடம் எதுவென்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. உள்ளே ஒன்றை வைத்து வெளியே தெரியாமல் பேசுகிறவரைப் 'பொடி வைத்து ஊதுகிறார்' என்று பெரியவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பத்தரின் உப்பிய கன்னம்தான் நினைவுக்கு வரும்.

அந்தப் பட்டறை சில வருடம் பூட்டிக் கிடந்தது என்று அம்மாச்சி சொல்வாள். 1963 ஜனவரியில், 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. 14 காரட் என்றால் நூற்றுக்கு ஏறக்குறைய 58 பங்குதான் தங்கம். 22 காரட்டில் பழகிய கைகளுக்கு வேலை இல்லாமல் போனது. பத்தர் இட்லிக்கடை போட்டார். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968இல் வந்து 1990 வரை இருந்தது. "நல்லவேளை, ரெண்டு வருசம் முந்திச் செஞ்சோம்" என்று செயினைத் தொட்டுக்கொள்ளும்போதே, "பாவம், அந்த மனுசன்" என்பாள்.

எனக்கு அவள் வாங்கித் தந்தது வெள்ளிக் கொலுசு. சேலத்து வேலை. கடையில் நான் முத்துகளை எண்ணினேன், ஆட்டி ஆட்டிச் சத்தம் கேட்டேன். அந்தச் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வைகைக்குப் போனோம். கூட்டம் நெருக்கியது. திரும்பி வரும்போது ஒரு கால் மட்டும்தான் சத்தம் போட்டது. மணலை இரு கையாலும் துழாவினேன். கிடைக்கவில்லை. வீடு வரும்வரை அம்மாச்சி எதுவும் சொல்லவில்லை. மிச்சமிருந்த கொலுசைக் கழற்றித் திருகாணியை என் விரலில் வைத்துச் சுற்றிக் காட்டினாள். புரி தேய்ந்து வழுக்கியது. "முத்தை எண்ணுனியே, திருகைப் பாத்தியா?"

அன்றிலிருந்து எந்த நகையை எடுத்தாலும் என் கண் முதலில் பூட்டுவாய்க்குத்தான் போகும்.

அந்த வயதில்தான் அவளிடம் கேட்டேன், காலுக்குத் தங்கம் போட்டால் என்ன என்று. மகாலட்சுமியைக் காலில் மிதிக்கலாமா என்றாள். பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் சிலப்பதிகாரக் கதை சொல்லியிருந்தார்கள். கண்ணகியின் பொற்சிலம்பில் மாணிக்கப் பரல், பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல். கோவலன் விற்க வந்ததே நம் மதுரைக்குத்தானே? "கண்ணகி போட்டிருந்தாளே!" என்றேன். அம்மாச்சி யோசிக்கவே இல்லை. "போட்டதாலதாண்டி இந்த ஊரு எரிஞ்சுச்சு."

போன வருடம் மகள் தன் சம்பளத்தில் தங்கக் கொலுசு வேண்டும் என்றபோது, அந்தப் பதில் என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அவளோடு கடைக்குப் போனேன்.

கடைப்பையன் பார்வைக்குக் கனமாகத் தெரிந்த ஒன்றை எடுத்துப் போட்டான். கையில் வைத்தால் எடையே இல்லை, உள்ளே கூடு. காலில் கிடப்பது கட்டிலில் இடிக்கும், புடவைக் கரையில் உரசும், மற்றக் காலில் மோதும். கூடு நசுங்கினால் நிமிர்த்துவது பெரும்பாடு. கண்ணி கெட்டியாக, மெல்லியதாக இருக்கட்டும் என்றேன். தினமும் போடப்போகிறாள் என்பதால் 18 காரட் எடுத்தோம். அதில் நூற்றுக்கு 75 பங்கு தங்கம், கலந்த உலோகம் கூடுதல் என்பதால் 22 காரட்டைவிட உறுதி. கல் எடை தனி, தங்க எடை தனி என்று எழுதச் சொன்னேன். ஹால்மார்க் முத்திரையோடு இருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். 2023 ஏப்ரலிலிருந்து அது இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. மகள் அதைச் செல்போன் செயலியில் தட்டிச் சரிபார்த்தாள். அளவெடுக்கச் சாயங்காலம்தான் போனோம். நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், காலையில் எடுத்த அளவு அப்போது இறுக்கும். கடைசியில் கொக்கியை நான் பத்துத் தடவை திறந்து மூடினேன். கடைப்பையன் பொறுமையாக நின்றான்.

அன்றைக்கே அம்மாச்சியின் செயினையும் எடை போட்டேன். 23 கிராம் 200 மில்லி. அறுபது வருடத்தில் 800 மில்லி எங்கே போனது? கண்ணியும் கண்ணியும் தொடும் இடத்தில்தான் செயின் தேயும். அவள் முறுக்குப் பிழிந்தபோதும், குனிந்து கோலம் போட்டபோதும், என் அம்மாவையும் பிறகு என்னையும் மார்பில் போட்டுத் தூங்கவைத்தபோதும் தேய்ந்திருக்கும். எங்கள் கன்னத்தில் பட்டிருக்கும்.

இன்னொரு குறைவும் எங்கள் வீட்டில் நடந்தது. தெருவில் நகை பாலிஷ் என்று வந்தவரிடம் அம்மா இரண்டு வளையலைக் கொடுத்தாள். ஏதோ திரவத்தில் முக்கி, மஞ்சள் தண்ணீர் டப்பாவில் போட்டு, அரைமணி கழித்துத் திறக்கச் சொல்லிவிட்டுப் போனார். வளையல் தகதகவென்று இருந்தது. 16 கிராமுக்கு 11தான் நின்றது. தங்கத்தைக் கரைக்கும் ராஜதிராவகம் அது. அம்மா அதன்பின் அந்த வளையலைப் போடவே இல்லை. பளபளப்புக்காக நகையை அந்நியர் கையில் கொடுக்காதே என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். வியர்வை, சோப்பு, எண்ணெய் எல்லாவற்றுக்கும் பூந்திக்கொட்டையும் குழந்தைகளுக்கான பல் பிரஷும் போதும்.

எடை போட்ட அன்று கடைக்காரர் அம்மாச்சியின் செயினைப் பழைய தங்கமாக எடுத்துக்கொண்டு புதிது தருவதாகச் சொன்னார். கொக்கியை மட்டும் மாற்றித் தாருங்கள் என்றேன். பழைய கொக்கி நூலாகத் தேய்ந்திருந்தது. அதை ரோஸ் தாளில் மடித்து வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்போது இரண்டையும் அலசி, துணியில் ஒற்றி, காற்றில் உலர்த்தியாயிற்று. கொக்கியைப் பூட்டி, தனித்தனித் துணியில் சுற்ற வேண்டும். பூட்டாமல் வைத்தால் செயினில் முடிச்சு விழும். மாடியில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கிறேன். கழுத்துத் தண்ணீர், கால் தண்ணீர், இரண்டு கிண்ணத்தையும் அதன் தூரில் ஊற்றினேன். அம்மாச்சி இதற்கு என்ன சொல்லியிருப்பாள் என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். மண் உறிஞ்சி முடித்திருந்தது.