குருத்து இருக்குதா?

கறுத்த திரையோடு ஒரு போன் மேசையில் கிடக்கிறது. பவர் பட்டனை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் அசைவில்லை. சார்ஜர் போட்டால் பேட்டரிப் படம் வரவில்லை, அதிர்வு இல்லை. "டெட் ஆயிட்டு அண்ணாச்சி, உள்ளதுக்கு எடுத்துக்கிடுங்க" என்று சொல்லித்தான் அந்தப் பையன் கொடுத்துவிட்டுப் போனான். பின்மூடியைக் கழற்றுகிறேன். பேட்டரி கனெக்டரை எடுத்துவிட்டு, போர்டில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சின்னப் புள்ளிகளை ட்வீசர் முனையால் சேர்த்துப் பிடித்தபடி கேபிளைச் செருகுகிறேன். லேப்டாப்பில் 'டிங்' என்று சத்தம். டிவைஸ் மேனேஜரில் புதிதாக ஒரு வரி: குவால்காம், 9008.

உடன்குடி பஜாரில் கடை போட்டு இத்தனை வருஷமாகியும் அந்த வரியைப் பார்த்ததும் என் முதுகு நிமிர்ந்துவிடும். ஆண்ட்ராய்டு போய்விட்டது, அதை எழுப்பும் நிரல் போய்விட்டது, ஆனாலும் அடியில் ஒன்று விழித்திருக்கிறது.

போன் ஒரே தாவலில் எழுந்து நிற்பதில்லை. சிப்பைச் செய்யும்போதே அதற்குள் பொறித்துவிடும் சின்ன நிரல் ஒன்று உண்டு. அதற்குப் பூட் ரோம் என்று பெயர். மின்சாரம் பட்டதும் முதலில் கண் திறப்பது அதுதான். அது மெமரியில் அடுத்த நிரலைத் தேடும், கம்பெனியின் கையொப்பம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் எழுப்பிவிடும். அது அதற்கடுத்ததை எழுப்பும். இப்படிப் படிப்படியாக ஏறி வந்துதான் நாம் பார்க்கும் லோகோவும் பூட்டுத் திரையும் வருகின்றன. மேல்படி உடைந்தால் போன் லோகோவிலேயே நிற்கும், அல்லது அணைந்து அணைந்து எரியும். இரண்டாம் படியே உடைந்துபோனால் திரை கறுத்துவிடும். ஜனங்கள் 'டெட்' என்பது இதைத்தான். அப்போதும் பூட் ரோம் அழிவதில்லை. அது மெமரியில் எழுதப்பட்டதல்ல, சிப்பின் உடம்போடு சேர்ந்தது. எழுப்ப ஆள் இல்லையென்றால் யுஎஸ்பி கேபிளின் பக்கம் காதை வைத்துக்கொண்டு காத்திருக்கும். குவால்காம் சிப்பில் இந்த நிலைக்கு இடிஎல், மீடியாடெக்கில் பிராம், ஐபோனில் டிஎஃப்யூ என்று பெயர்.

ஒருநாள் பனையேறிப் பெரியவர் ஒருவர் பேரனின் போனைக் கொண்டுவந்தார். நான் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க, பாதியிலேயே நிறுத்தி, "குருத்து இருக்குதா தம்பி, அதைச் சொல்லு" என்றார். பனைக்கு ஒரே ஒரு குருத்துதான். ஓலை முழுக்கக் கழித்துவிட்டாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். குருத்து அழுகினால் மொட்டை மரமாக நின்று சாகும். நான் கால்மணி நேரம் சொன்னதை அவர் ஒரு சொல்லில் முடித்துவிட்டார். அன்றிலிருந்து கடைப் பையன்களிடம் நானும் அப்படித்தான் கேட்கிறேன். 9008 வந்ததா, குருத்து இருக்கிறது.

வந்த பிறகு நடப்பது ஒருவகைப் பேச்சுவார்த்தை. போன் முதலில் வணக்கம் சொல்லும், லேப்டாப் பதில் சொல்லும். இந்த முறைக்குச் சஹாரா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தேரிக்காட்டுச் செம்மணலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, திரையில் 'சஹாரா ஃபெயில்' என்று படிக்கும்போதெல்லாம், பெயர் வைத்தவருக்கு எங்கள் ஊரைத் தெரியுமோ என்று தோன்றும். சஹாரா வழியாக ஃபயர்ஹோஸ் என்ற நிரலைப் போனின் தற்காலிக நினைவகத்தில் ஏற்ற வேண்டும். அது அந்தப் போனுக்கென்று கம்பெனி கையொப்பமிட்டதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பூட் ரோம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஏறிவிட்டால் மெமரியின் எந்தப் பகுதியில் எதை எழுத வேண்டும் என்ற பட்டியலை அது வாங்கி, ஒவ்வொன்றாக எழுதும். நாங்கள் 'பிளாஷ் பண்றது' என்பது இந்த எழுத்துத்தான். பத்து நிமிஷம்கூட ஆகாது.

அந்தப் பத்து நிமிஷத்தில் கெடுவதெல்லாம் சின்ன விஷயத்தால்தான் கெடும். ஆடிய கேபிள், சார்ஜ் இல்லாத பேட்டரி, நடுவில் போன கரண்ட். லேப்டாப்பின் பழைய யுஎஸ்பி ஓட்டையில் ஒழுங்காக ஓடும் போன் புது ஓட்டையில் முரண்டு பிடிக்கும். மாடல் பெயர் ஒன்றாக இருந்து, எண்ணின் கடைசி எழுத்து மாறியிருந்தால் ஃபைலே வேறு. வளைகுடாவிலிருந்து வரும் போன்கள் எங்கள் பக்கம் நிறைய. இங்கே விற்ற மாடல் போலவே இருக்கும், உள்ளே வேறாக இருக்கும். சாம்சங் என்றால் ஓடின் மென்பொருளில் சிஎஸ்சி கட்டத்தில் இரண்டு ஃபைல்களில் ஒன்றைப் போட வேண்டும். 'ஹோம் சிஎஸ்சி' போட்டால் உடையவரின் பொருள்கள் பெரும்பாலும் தப்பும். வெறும் 'சிஎஸ்சி' போட்டால் எல்லாவற்றையும் துடைத்துவிடும். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம்.

எனக்கு அந்த ஒரு சொல்லின் கனம் தெரிந்தது மீடியாடெக் போன் ஒன்றில். கடை போட்ட புதிது. சவுதியிலிருந்து விடுப்பில் வந்தவர், லோகோவில் நின்றுபோன போனைத் தந்தார். எஸ்பி ஃபிளாஷ் டூலில் மூன்று வழிகள் இருக்கும்: டவுன்லோட் மட்டும், ஃபார்ம்வேர் அப்கிரேட், எல்லாவற்றையும் அழித்துவிட்டு டவுன்லோட். முதல் வழி இரண்டு தரம் தோற்றது. பொறுமையில்லாமல் மூன்றாவதைத் தட்டினேன். பச்சை வட்டத்தில் டிக் வந்தது. போன் புதுசாக எழுந்தது. சிம் போட்டால் சிக்னல் இல்லை. *#06# அடித்தேன், 15 இலக்கம் வர வேண்டிய ஐஎம்இஐ எண் வரவில்லை. அந்த எண்ணும் ரேடியோவின் அளவுத்திருத்தமும் இருக்கிற என்விராம் பகுதியையும் சேர்த்து நான் துடைத்திருந்தேன். அவர் மகள் பிறந்தபோது ஊரில் இல்லாமல், வீட்டிலிருந்து அனுப்பிய படங்களை அந்தப் போனில்தான் வைத்திருந்தார். வேறொரு போன் வாங்கிக் கொடுத்தேன். அவர் சண்டை போடவில்லை. "இதைப் பண்ணுறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு பழக்கங்கள் வந்தன. எதை எழுதும் முன்பும் என்விராம் போன்ற பகுதிகளை முதலில் படித்து லேப்டாப்பில் பத்திரப்படுத்திக்கொள்வேன். எதைத் தட்டும் முன்பும் உடையவரைக் கூப்பிட்டுக் கேட்பேன். வேறு எண்ணை எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களுக்கு ஒரே பதில்: ஐஎம்இஐயை மாற்றுவது சட்டப்படி குற்றம், இந்தக் கடையில் நடக்காது.

கேட்பதில்தான் பாதித் தொழில் இருக்கிறது. கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள், விழுந்ததா, நனைந்ததா, அப்டேட் வந்ததா, மெமரி நிறைந்துவிட்டது என்று காட்டியதா? பிறகு போர்டை டிசி பவர் சப்ளையில் மாட்டி ஆம்பியர் முள்ளைப் பார்ப்பேன். பட்டனை அழுத்தும் முன்பே கரண்ட் இழுத்தால் எங்கோ ஷார்ட். அழுத்தியும் அசையாவிட்டால் பட்டனையோ பவர் லைனையோ பார்க்க வேண்டும். கொஞ்சம் ஏறி, ஏறின இடத்திலேயே நின்றால்தான் எனக்கு நம்பிக்கை வரும். குருத்து எழுந்து, அடுத்த நிரலைத் தேடிக் காணாமல் நிற்கிறது. நனைந்த போன் என்றால் கதை வேறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தண்ணீர் வடிந்தபின் நாள்கணக்கில் நனைந்த போன்கள்தான் கடைக்கு வந்தன. அவற்றில் எதற்கும் பிளாஷ் வேலை இல்லை. திறந்து, கழுவி, காயவைத்து, ஷார்ட்டைத் தேட வேண்டிய போன்கள். 'ஆன் ஆகுதா பார்ப்போம்' என்று வீட்டில் திரும்பத் திரும்ப அழுத்தியவைதான் அதிகம் செத்திருந்தன.

குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் கோவில் தசரா சமயம் வேறு மாதிரி. வேஷம் கட்டிய குழுக்கள் ஊர் ஊராகப் போகும்; போனெல்லாம் வீடியோவாக நிறையும். கல்லூரிப் பையன் ஒருவன் 64 ஜிபி ஐபோன் 11 கொண்டுவந்தான். துளி இடமில்லாமல் நிறைந்திருந்த போனில் அப்டேட் ஓடி, ஆப்பிள் படம் வருவதும் மறைவதுமாக இருந்தது. அவன் காளி வேஷம் கட்டிய முதல் வருஷம் அது. விரதம் தொடங்கிய நாளிலிருந்து எடுத்ததெல்லாம் அதற்குள்.

ஐபோனில் இரண்டு தளங்கள் உண்டு. இதைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். மேலே இருப்பது ரிகவரி மோட். ஒலி கூட்டும் பட்டனை ஒரு தட்டு, குறைக்கும் பட்டனை ஒரு தட்டு, பக்கவாட்டுப் பட்டனை அழுத்திப் பிடித்தால் கேபிளும் கம்ப்யூட்டரும் வரைந்த படம் வரும். இங்கே 'அப்டேட்', 'ரீஸ்டோர்' என்று இரண்டு வழிகள் கேட்கும். அப்டேட் உடையவரின் பொருள்களைத் தொடாமல் சிஸ்டத்தை மட்டும் மறுபடி எழுதப் பார்க்கும். ரீஸ்டோர் எல்லாவற்றையும் அழிக்கும். கீழே இருப்பதுதான் டிஎஃப்யூ. அதே இரண்டு தட்டு, திரை கறுக்கும்வரை பக்கவாட்டுப் பட்டன், பிறகு ஒலி குறைக்கும் பட்டனையும் சேர்த்து 5 விநாடி, பக்கவாட்டை விட்டுவிட்டு மற்றதை மட்டும் இன்னும் 10 விநாடி. சரியாகச் செய்தால் திரையில் ஒன்றுமே தெரியாது. லேப்டாப் மட்டும் போனைக் கண்டுகொள்ளும். ஆப்பிள் படம் வந்தால் விநாடி தப்பிவிட்டது. அங்கே இறங்கி ரீஸ்டோர் செய்தால் மேலே எஞ்சியிருந்த எதுவும் திரும்பாது.

பையனிடம் இரண்டையும் சொன்னேன். முதலில் மேல்தளம். 6, 7 ஜிபி ஃபைலை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டேன். இறக்கம் 15 நிமிஷத்தைத் தாண்டினால் போன் ரிகவரியிலிருந்து தானே வெளியேறிவிடும். எங்கள் ஊர் நெட்டில் 15 நிமிஷத்துக்குள் அது நடக்காது. ஃபைல் கையில் இருந்தாலும் ஆப்பிளின் சர்வர் அந்தப் போனுக்கென்று ஒப்புதல் தர வேண்டும்; அது ஒப்புதலை நிறுத்திவிட்ட பழைய பதிப்புக்குப் போக முடியாது. முதல் தரம் கோடு முக்கால்வாசியில் நின்றது. கேபிளை மாற்றி இரண்டாம் தரம் ஓட்டினேன். பூட்டுத் திரை வந்ததும் அவன் ரகசிய எண்ணை விரல் நடுங்கி மூன்று தரம் தப்பாக அடித்தான். உள்ளே எல்லாம் இருந்தது. கடையிலேயே உட்காரவைத்து, அத்தனையையும் பென்டிரைவில் இறக்கிக் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

இப்படி எல்லாருக்கும் மீட்டுத் தர முடிவதில்லை. "மெமரியைக் கழற்றிப் படம் மட்டும் எடுத்துக் குடுங்க, எவ்வளவு ஆனாலும் தாரேன்" என்று கேட்பவர்கள் உண்டு. பழைய போன்களில் அது நடந்தது. 2019-இல் ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்து புதுப் போன்கள் எல்லாம் உள்ளிருப்பதைக் குறியாக்கம் செய்தே வைக்கின்றன. சாவி அந்தச் சிப்போடும் உடையவரின் பூட்டோடும் சேர்ந்தது. மெமரியை மட்டும் படித்தால் பொருளற்ற எழுத்துக் குவியல்தான் கிடைக்கும். திருடன் கையில் போய்விடாமல் காக்கும் அதே பூட்டுத்தான் செத்த போனில் உடையவரையும் வெளியே நிறுத்துகிறது. இது தெரிந்தும் 'எடுத்துத் தருகிறேன்' என்று முன்பணம் வாங்குவதை நான் திருட்டு என்றே சொல்வேன்.

போன சித்திரையில், தேரிப் பக்கத்து விடிலியில் கருப்பட்டி காய்ச்சும் அக்கா ஒருவர் வந்தார். பதநீர்ப் பருவம் உச்சத்தில் இருந்தது. போன் எரியும், ஆனால் ஒவ்வொரு தடவையும் 'ஃபாஸ்ட்பூட்' என்ற எழுத்தோடு நின்றுவிடும். வேறோர் இடத்தில் காட்டியிருக்கிறார். சாப்ட்வேர் போய்விட்டது, புதுசாகப் போட்டால் எல்லாம் அழியும் என்று சொன்னார்களாம்.

"தம்பி, வியாபாரிக்குப் போட்ட கருப்பட்டிக் கணக்கு பூராவும் இதுலதான் படமா எடுத்து வச்சிருக்கேன். சீட்டெல்லாம் அடுப்புல போயிட்டு. இது அழிஞ்சா நான் எதைக் காட்டிக் காசு கேக்க?"

"அழிக்க மாட்டேன்க்கா. உக்காருங்க."

போனை வாங்கி விளிம்பைத் தடவினேன். ஒலி கூட்டும் பக்கம் 'டிக்' என்றது. குறைக்கும் பக்கம் சத்தமே இல்லை. உள்ளே போய் அழுந்தியபடியே நின்றது. அந்தப் பட்டன் அழுந்திய நிலையில் போனை ஆன் செய்தால் ஃபாஸ்ட்பூட்டுக்குத்தான் போகும். அது கோளாறே இல்லை, சொன்ன பேச்சைக் கேட்கிறது. திறந்தேன். பட்டன் ஸ்ட்ரிப்பின் மேல் பழுப்பாக ஏதோ உறைந்திருந்தது. முகர்ந்தால் கருப்பட்டி மணம். பாகு பதம் பார்த்த கையால் போனை எடுத்திருக்கிறார்.

கடையில் எல்லாவற்றையும் ஸ்பிரிட்டால் துடைப்பதுதான் வழக்கம். சர்க்கரை ஸ்பிரிட்டில் கரையாது. பேட்டரியைக் கழற்றிவைத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியை வெந்நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒற்றி ஒற்றி எடுத்தேன். நாலைந்து குச்சிகள் பழுப்பாகின. பிறகு ஈரம் போக ஸ்பிரிட். அரைமணி நேரம் விளக்கின் கீழே வைத்தேன். அக்கா மடியில் இருந்த ஓலைக் கொட்டானைப் பிடித்தபடி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டன் 'டிக்' என்றது. பேட்டரியை மாட்டி ஆன் செய்தேன். லோகோ, அதைத் தாண்டிப் பூட்டுத் திரை, அதில் ஒரு சின்னப் பிள்ளையின் படம். அவர் வாங்கி, சுவரில் சாய்ந்துகொண்டு, படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தி விரலால் பெரிதாக்கினார்.

"பங்குனி பதினாலு... இருவத்திரண்டு கிலோ..." என்று வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு சீட்டாக அவர் படிக்கப் படிக்க, நான் லேப்டாப்பின் மேல் கிடந்த நோட்டை எடுத்து எழுதிக் கொடுத்தேன். லேப்டாப்பை அன்று திறக்கவே இல்லை.